எடை குறைந்தபின் ஆற்றல் எங்கே?

எங்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதன் பொறுப்பாளரான பேராசிரியை வயதிலும் பணியிலும் எனக்கு மூத்தவர். 112 கிலோ எடையும் 158 சென்டிமீட்டர் உயரமும் உடையவராயிருந்தார். நீரிழிவும் மூட்டுவலியும் வேறு. மருத்துவர்களின் அறிவுரைப்படி எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எட்டு மாதத்தில் 32 கிலோ குறைந்தது. நீரிழிவு மாத்திரை பாதியாயிற்று, மூட்டுவலி தணிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆனால் முதல் மாடி ஏறியதும் அவர் படிக்கட்டிலேயே அமர்ந்துவிடுவதை நான் பலமுறை கண்டேன். ஒருநாள் அவரே கேட்டார்:

“சார், என் உடம்பில் இன்னும் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆற்றல் அழிவின்மை விதியை நானும் மாணவர்களுக்கு நடத்துகிறவள்தான். இவ்வளவு சேமிப்பு இருக்கும்போது எனக்கு ஏன் இந்தச் சோர்வு? உங்கள் விதி எங்கே பிழைத்துப்போயிற்று?”

“சாப்பாடு போதவில்லை போலிருக்கிறது மேடம், இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடுங்கள்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது தவறான விடை என்பதை அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன். சரியான விடை எது என்பதை இங்கே காண்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. இதனை ஜூலாக மாற்றினால் 3 கோடியே 20 லட்சம் ஜூல் வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்திற்குத் தூக்குவதற்குச் செய்யவேண்டிய வேலையைப் போல் இது ஆறு மடங்கு!

பேராசிரியையின் இன்றைய எடை 80 கிலோ. அவருடைய உயரத்திற்கு 62 கிலோ போதும். ஆகவே கூடுதலாக உள்ளது 18 கிலோ. அதாவது சுமார் 1,38,000 கிலோகலோரி. நாளொன்றுக்கு 1,800 கிலோகலோரி செலவென்று கொண்டாலும் இரண்டரை மாதத்திற்கு மேல் தாங்கக்கூடிய சேமிப்பு இது.

இனிப் படியேறும் செலவைப் பார்ப்போம். 80 கிலோ எடையை 7 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுசெல்லச் சுமார் 5,500 ஜூல் வேலை தேவை. நம் தசைகள் தாம் பெறும் ஆற்றலில் நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிவிடும். அதையும் சேர்த்தாலும் செலவு ஐந்தாறு கிலோகலோரிதான். ஒரு பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்தால் கிடைக்கும் ஆற்றல்!

அப்படியானால் ஆற்றலுக்குக் குறைவில்லை. குறைவு எதில்? ஆற்றல் வேறு, திறன் வேறு என்று பதினோராம் வகுப்பிலேயே படிக்கிறோம். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றலை வெளிக்கொணர முடிகிறது என்பதே திறன். அந்த இரண்டு மாடியை 40 நொடியில் ஏறினால் தசைகளுக்குச் சுமார் 600 வாட் திறன் வேண்டும். பேராசிரியையின் உடல் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

கிராமத்து வீடுகளில் பத்தாயம் இருக்கும். அது நிறைய நெல் இருக்கலாம். ஆனால் அவித்து, உலர்த்தி, குத்திப் புடைத்து, உலையிலிட ஆள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அன்று சோறு இல்லை. கொழுப்பு என்பது பத்தாயத்து நெல். அதனைச் சோறாக்கும் வேலையாட்கள் ஆக்சிஜன், இரும்பு, வைட்டமின்கள், புரதம் ஆகியவை. அறுவைக்குப் பிறகு நெல் மிகுந்து, ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள்.

அறுவையில் நடப்பது

வளர்ந்த ஒருவரின் இரைப்பை உணவு உண்ணும்போது விரிந்து ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். இன்று பெரிதும் செய்யப்படும் அறுவைகள் இரண்டு. முதலாவதில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிலிட்டர்.

இரண்டாவது மாற்றுவழி அறுவை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதனை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். உணவு பழைய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் சென்றுவிடும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்டு மேசன் 1966இல் இவ்வகை அறுவையைத் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மீண்டும் எடைகூடத் திணறுவதைக் கவனித்ததே அவருக்கு வழிகாட்டியாயிற்று. அதற்கு முன், 1950களில், சிறுகுடலின் பெரும்பகுதியையே ஒதுக்கிவிடும் அறுவை செய்யப்பட்டது. எடை குறைந்தது, ஆனால் ஊட்டக்குறைவும் கல்லீரல் கேடும் நோயாளிகளை வாட்டியதால் பின்னர் அது கைவிடப்பட்டது. எடைக்குறைப்பு அறுவையின் வரலாற்றில் சத்துக்குறைவு தொடக்கத்திலிருந்தே உடன்வருகிறது.

இடம் சுருங்குவது மட்டுமே விளைவன்று. இரைப்பையின் மேற்பகுதி கிரெலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. பசியைத் தூண்டும் இதனை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கொஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தனர். இரைப்பையின் அந்தப் பகுதி நீக்கப்படும்போது இதன் அளவு குறைகிறது. நிறைவுணர்வைத் தரும் வேறு சில குடல் ஹார்மோன்களோ கூடுகின்றன. ஆகவே முதல் மாதங்களில் பசி அதிகம் இராது. இது வரம்போலத் தோன்றினாலும் இதில் ஓர் ஆபத்து உண்டு. பசி என்னும் மணி அடிக்காதபோது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் உண்ணவேண்டும்.

ஆக்சிஜனைச் சுமப்பவர்

படியேறுவதற்கு வேண்டிய 600 வாட் திறனைத் தொடர்ந்து பெறவேண்டுமானால் தசைகள் நிமிடத்திற்குச் சுமார் 1.7 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தவேண்டும். இதனைச் சுமந்துவருவது குருதியிலுள்ள ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும். 100 மில்லிலிட்டர் குருதியில் 13 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமப்பது 17.4 மில்லிலிட்டர். எங்கள் பேராசிரியைக்குப் பின்னர் குருதிச் சோதனை செய்தபோது அவருக்கு இருந்தது 8.6 கிராம். அப்படியானால் சுமக்கக்கூடியது 11.5 மில்லிலிட்டர் மட்டுமே. இயல்பாக 5 லிட்டர் குருதி கொண்டுவரும் ஆக்சிஜனைத் தர அவருடைய இதயம் ஏழரை லிட்டரை இறைக்கவேண்டும். படபடப்பும் மூச்சிரைப்பும் வராமல் என்ன செய்யும்?

ஹீமோகுளோபின் குறைவுக்கு முதற்காரணம் இரும்பு. உணவிலுள்ள இரும்பை உறிஞ்சத்தக்க வடிவிற்கு மாற்ற இரைப்பையின் அமிலம் உதவுகிறது. அதனை உறிஞ்சும் முக்கிய இடம் முன்சிறுகுடல். மாற்றுவழி அறுவையில் அமிலம் குறைந்துவிடுகிறது, முன்சிறுகுடலோ ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வாயில்கள் அடைபடுகின்றன. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. இதனால்தான் அறுவைக்குப் பிறகு இத்தகையோர்க்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையாகத் தரப்படுகிறது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தேநீரிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்போடு போட்டியிடும். ஆகவே இவை இரண்டிற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கவேண்டும். எலுமிச்சை, நெல்லி போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணைசெய்யும். எங்கள் பேராசிரியை முதல் மூன்று மாதம் இரும்பு மாத்திரையைக் காலைத் தேநீரோடு விழுங்கியிருக்கிறார். பிறகு, “எடைதான் குறைந்துவிட்டதே” என்று மாத்திரைகளையே நிறுத்திவிட்டார்.

இரண்டு வைட்டமின்கள்

அரிசி உண்ணும் நமக்கு முக்கியமானது தயமின் என்னும் வைட்டமின் பி1. டச்சு மருத்துவர் எய்க்மன் ஜாவாத் தீவில், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசி அவற்றைத் தேற்றுவதையும் கண்டார். அதற்குக் காரணமான பொருளே பின்னர் தயமின் எனப் பெயர் பெற்றது. இந்தக் கண்டுபிடிப்பிற்காக எய்க்மன் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர்க்கரைப் பொருளிலிருந்து ஆற்றலைப் பெறும் வழியில் தயமின் ஒரு வாயிற்காவலன். அது இல்லாவிடில் குளுக்கோஸ் பாதிவழியில் நின்றுவிடும்.

நம் உடலில் தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே வரும். அறுவைக்குப் பின் ஒருவர் பல நாட்கள் வாந்தி எடுத்தால் அது விரைவில் தீர்ந்துவிடும். அப்போது கண் பார்வை இரட்டையாகத் தோன்றுதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை ஏற்படலாம். உடனே கவனிக்காவிட்டால் மூளைக்கு நிலையான கேடு விளையும். ஆகவே வாந்தி தொடர்ந்தால், “அறுவை செய்தால் இப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது அறுவை நடந்ததை முதலில் சொல்லவேண்டும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகலாம்.

மற்றொன்று வைட்டமின் பி12. கோபால்ட் உலோகத்தை நடுவில் கொண்ட இதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் முறையில் 1956இல் வெளிப்படுத்தியவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. குருதிச் சிவப்பணுக்கள் உருவாவதற்கும் நரம்புகளின் உறை கெடாமலிருப்பதற்கும் பி12 வேண்டும். இதனை உடல் ஏற்பதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு தனிப் புரதம் துணையாக வேண்டும். அறுவைக்குப் பின் அந்தத் துணை குறைந்துபோகிறது.

பி12ஐக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் குறைவு உடனே தெரியாது. ஆனால் இது தாவர உணவில் இல்லை. சைவ உணவினர்க்குப் பால், தயிரே வழி; எனவே அவர்களிடம் சேமிப்பு முன்பே குறைவாயிருக்கக்கூடும். எங்கள் பேராசிரியை முட்டையும் உண்ணாத சைவர். பாதங்களில் ஊசி குத்துவதுபோல் இருப்பதாக அவர் சொன்னதற்கு இதுவே காரணமென்று மருத்துவர் கண்டார். நெடுநாள் விட்டுவிட்டால் இந்த நரம்புக்கேடு மீளாமலே போகலாம்.

அடர்த்தி என்னும் பாடம்

இப்போது உணவிற்கு வருவோம். அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டுமென்பது மருத்துவர் வகுத்த அளவு. இது கிடைக்காவிட்டால் உடல் தன் தசைகளையே உடைத்துப் பயன்படுத்தும். எடைத்தராசு கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. முள் இறங்குவதைக் கண்டு நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். இயங்கவேண்டிய பொறியோ தேய்ந்துகொண்டிருக்கும்.

சிறிய பையில் 60 கிராம் புரதத்தை எப்படி அடக்குவது? இங்குதான் அடர்த்தி உதவுகிறது. 100 கிராம் சோற்றில் உள்ள புரதம் இரண்டரை கிராம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். ரசத்தில் கணக்கிடத் தேவையில்லை. ஆனால் 100 கிராம் பனீரில் 18 கிராமும், அதே அளவு மீனில் 18 முதல் 20 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் உள்ளன. பேராசிரியை உண்டுவந்தது அரை இட்லி, இரண்டு வாய் ரசஞ்சோறு, தேநீரில் நனைத்த பிஸ்கட். “இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடுங்கள்” என்ற என் அறிவுரையைக் கேட்டிருந்தால், இன்னும் அரை இட்லி சேர்ந்திருக்கும். புரதம் ஒரு கிராம் கூடியிருக்கும்!

சைவ உணவிலும் இது இயலாத காரியமன்று. அறுவை முடிந்து ஆறு மாதங்களுக்கு மேலான ஒருவருக்கு ஒருநாள் கணக்கு இப்படி அமையலாம்:

பால், 200 மி.லி. – ஆறரை கிராம்
பருப்பு அடை (40 கிராம் பருப்பு) – 9 கிராம்
பனீர், 50 கிராம் – 9 கிராம்
கெட்டிப் பருப்பு (30 கிராம் துவரை) – ஆறரை கிராம்
சோயா உருண்டை, உலர்ந்தது 25 கிராம் – 13 கிராம்
தயிர், 150 கிராம் – 5 கிராம்
கொண்டைக்கடலைச் சுண்டல் (30 கிராம் கடலை) – 6 கிராம்
பொட்டுக்கடலை, 20 கிராம் – நாலரை கிராம்

மொத்தம் ஏறத்தாழ 60 கிராம். இதனை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், அடுத்தது காய், இடம் மீந்தால் சோறு. ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மெல்லவேண்டும். அறுவைக்குப் பின் அரைக்கும் வேலையில் பெரும்பகுதியைப் பற்களே ஏற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியல் அறுவை முடிந்த புதிதிற்குப் பொருந்தாது. முதலில் தெளிந்த நீர்மங்கள்; பிறகு பால், மோர், வடிகட்டிய பருப்புக் கஞ்சி போன்றவை; அடுத்து மசித்த உணவு; அதன்பின் மென்மையான உணவு; ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு என்று படிப்படியாகவே செல்லவேண்டும். அவரவர் மருத்துவர் தரும் கால அட்டவணையே இறுதியானது.

நீரும் இனிப்பும்

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது நீர் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் குடிக்க இடமில்லை. வாய் வாயாக, நாள் முழுவதும் பருகவேண்டும். உணவோடு நீர் வேண்டா. உண்டபின் அரைமணி நேரம் கழித்தே பருகுக என்கின்றனர் மருத்துவர். நீர்க்குறைவும் சோர்வுக்கு ஒரு பெருங்காரணம் என்பதை மறக்கலாகாது.

இனிப்பைப் பற்றி இயற்பியல் சொல்லும் செய்தி சுவையானது. நம் குருதியின் கரைபொருள் செறிவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். நூற்றுக்கு இருபது பங்கு சர்க்கரை கலந்த பானத்தை எடுத்துக்கொள்வோம். குடலில் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிந்தபின் செறிவு 1,170 அளவிற்கு உயர்ந்துவிடும். குருதியைப் போல் நான்கு மடங்கு! இயல்பான இரைப்பை இத்தகைய கரைசலைச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். மாற்றுவழியிலோ மொத்தமும் ஒரேயடியாகச் சிறுகுடலில் வந்து விழும். சவ்வூடு பரவல் விதிப்படி குருதியிலிருந்து நீர் குடலுக்குள் பாயும். வயிறு பிசையும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். இது உண்ட பத்து முதல் முப்பது நிமிடத்திற்குள் நிகழ்வது.

ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மற்றொன்று நிகழலாம். வேகமாக ஏறிய குளுக்கோஸை எதிர்கொள்ள இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, குளுக்கோஸ் அளவு இயல்பிற்கும் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருளும். “தெம்புக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்” என்று உறவினர் அன்போடு நீட்டுவது, இவர்களுக்குத் தெம்பைப் பறிக்கும் பொருளாகிவிடக்கூடும்.

தசைக்கும் வேலை

புரதம் மட்டும் உண்டால் தசை நிலைத்துவிடாது. அதற்கு வேலையும் வேண்டும். மருத்துவர் இசைவு தந்தபின், நடைப்பயிற்சியோடு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், சிறு எடை தூக்குதல் போன்ற எதிர்ப்புப் பயிற்சிகளை மெல்லத் தொடங்கலாம். அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி உதிர்வதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். விரைந்த எடைக்குறைவின் விளைவாகிய இது பெரும்பாலும் சில மாதங்களில் சீராகிவிடும். நீடித்தால் புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் அளவைப் பார்க்கவேண்டும்.

எங்கள் பேராசிரியைக்கு மருத்துவர் இரும்பை நரம்பு வழியாக ஏற்றினார். பி12 ஊசி போட்டார். உணவு வல்லுநர் ஒருவர் பட்டியல் எழுதித் தந்தார். மாத்திரைகளைத் தேநீரிலிருந்து பிரித்து வைத்தார்கள். சில மாதங்களில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. பாதத்தின் குத்தல் குறைந்தது, முழுதும் போகவில்லை. முன்பே சோதித்திருந்தால் அதுவும் வந்திராது என்பது அவருடைய வருத்தம்.

ஆகவே இவ்வறுவை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும் உரியவை. குருதிச் சோதனையை முதலாண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும் பின்னர் ஆண்டுதோறும் செய்துகொள்ளவேண்டும். சோர்வு என்பது எடைக்குறைவிற்குக் கொடுக்கும் விலை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது காரணமுள்ள ஒரு குறி. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் தீர்க்கக்கூடியது.

சென்ற வாரம் ஆய்வுக்கூடத்திற்கு நான் படியேறிக்கொண்டிருந்தபோது பேராசிரியை பின்னாலிருந்து வந்து என்னைக் கடந்து சென்றார். முதல் மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை. “உங்கள் விதி பிழைத்துவிட்டது சார்” என்றார் மேலேயிருந்து. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.